பிள்ளை நோயில் கிடந்தால் பெற்றோர் படும் பாடு - அதை அளக்க முயன்ற கதை



இருக்கன்குடியைப் பற்றித் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். விருதுநகர் மாவட்டம் சாத்தூரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் மாரியம்மன் கோயில். ஆடி கடைசி வெள்ளி என்றால் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, அருப்புக்கோட்டை எல்லாப் பக்கமிருந்தும் பாதயாத்திரையாக வருவார்கள். அக்னிச்சட்டி, மாவிளக்கு, முடி காணிக்கை எல்லாம் உண்டு. கண், கை, கால் என்று தகட்டில் செய்த உருவங்களை வாங்கிக் காணிக்கை போடுவார்கள். கண்நோய், அம்மை, தீராத வயிற்றுவலி என்று வேண்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்.

அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். உருவம் வாங்கிப் போடுகிறவர்களில் பலர் தங்கள் உடம்புக்காக வரவில்லை, பிள்ளைக்காக வந்திருக்கிறார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு. பிள்ளைக்கு என்ன நோய் என்பது சீட்டில் எழுதியிருக்கும். ரத்தத்தில் எவ்வளவு ஹீமோகுளோபின் என்பதும் இருக்கும். தூக்கிக்கொண்டு வந்த தாய்க்கும் தகப்பனுக்கும் எவ்வளவு பாரம் என்பது மட்டும் எந்தச் சீட்டிலும் இருக்காது.

அதை அளக்க முடியுமா? யாராவது அளந்திருக்கிறார்களா? தேடிப் பார்த்தால், அறுபது வருடத்துக்கு மேலாக அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நான் படிப்பது பி.காம். மருத்துவமும் தெரியாது, மனோதத்துவமும் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் நம் பாடத்தோடு ஒத்துப்போகிறது. பேரேட்டில் எந்தச் செலவுக்குத் தலைப்பு இல்லையோ அந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் போவதால் அது இல்லாமல் போய்விடாது, எங்கேயோ அனாமத்துக் கணக்கில் கிடக்கும். பெற்றோரின் பாரத்தை அளந்தவர்கள் ஒவ்வொரு காலத்திலும் என்னென்ன தலைப்பு வைத்தார்கள் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சொல்

ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்பது பொறியியல்காரர்கள் புழங்கிய சொல். இரும்புக் கம்பியின் மேல் பாரம் ஏற்றினால் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கான சொல். அதை உடம்புக்குப் பரவலாக்கியவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மாண்ட்ரியலில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர். குளிர், காயம், விஷம் என்று எதைக் கொடுத்தாலும் எலியின் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது என்று 1936ல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அங்கிருந்து கிளம்பிய சொல் இன்று நம் ஊர் டீக்கடை வரை வந்துவிட்டது.

தமிழில் நாம் 'மன அழுத்தம்' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். ஆனால் நம் ஊர்ப் பெண்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 'மனசு பாரமா இருக்கு', 'நெஞ்சை அடைக்குது', 'ஈரக்கொலை நடுங்குது' என்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அளப்பதற்கு முன்னால் பழி

பெற்றோரின் துயரத்தை அளப்பதற்கு முன்னால் மருத்துவ உலகம் செய்த வேலை, பெற்றோர் மேல் பழி போட்டது. ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்கிற நிலையை 1943ல் விவரித்து எழுதியவர் லியோ கேனர். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பாசத்தைக் காட்டாத குளிர்ந்த சுபாவக்காரர்கள் என்று 1940களில் அவர் எழுதினார். புருனோ பெட்டல்ஹைம் 1967ல் ஒரு புத்தகமே போட்டு அந்தக் கருத்தைப் பிரபலமாக்கினார். தாய் 'குளிர்சாதனப் பெட்டி' மாதிரி இருந்ததால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்ற பேச்சு பல வருடம் ஓடியது. அதை ஆதாரத்தோடு எதிர்த்து 1964லேயே எழுதியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவர் உளவியலாளர் மட்டுமல்ல, அப்படி ஒரு பிள்ளையின் தகப்பனும் கூட.

நம் ஊரில் 'பெத்தவ செஞ்ச பாவம்' என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவர்கள் அதைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து சொன்னார்கள், அவ்வளவுதான்.

இதே காலத்தில், 1962ல், சைமன் ஓல்ஷான்ஸ்கி என்பவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளின் பெற்றோரோடு பழகியவர் அவர். இந்தப் பெற்றோரின் துக்கம் ஒரு நோய் இல்லை, இயல்பானது, பிள்ளை உயிரோடு இருக்கும்வரை வந்து வந்து போகும் என்றார். 'நீடித்த துயரம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். பெற்றோரை 'ஏன் இன்னும் ஏத்துக்கலை?' என்று கேட்பதை நிறுத்திவிட்டு, உதவியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவர் கட்சி.

சிறுநீரில் தேடிய துயரம்

முதல் பெரிய அளவீடு நடந்தது ரத்தப்புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோரிடம். இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதில் நம் சென்னைக்கும் பங்கு இருக்கிறது.

1940கள் வரை குழந்தைக்கு ரத்தப்புற்று என்றால் சில வாரமோ சில மாதமோதான். 1948ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அமினாப்டெரின் என்ற மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த மருந்தைத் தயாரித்துக் கொடுத்த லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் குறைந்த பட்டத்தோடு வெளியே வந்தவர். அதே 1948ல் இறந்தும் போனார்.

மருந்து வந்ததால் என்ன ஆனது? பிள்ளை உடனே சாகவில்லை, பிழைத்தும் விடவில்லை. சில மாதம், ஒரு வருடம், சிலருக்குக் கூடுதலாக. அந்த இடைவெளியில் பெற்றோர் மாட்டிக்கொண்டார்கள். நல்லாயிடுவான் என்றும் நினைக்க முடியாது, போய்விட்டான் என்று அழவும் முடியாது.

அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்டான்ஃபோர்ட் ஃப்ரீட்மன், பால் சோடாஃப், ஜான் மேசன், டேவிட் ஹாம்பர்க் ஆகியோர் இந்தப் பெற்றோரைத்தான் கவனித்தார்கள். புற்றுநோய் வந்த 27 குழந்தைகள், அவர்களின் பெற்றோர் 46 பேர். வெளியூரிலிருந்து வந்த பெற்றோர் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். அவர்களோடு தொடர்ந்து பேசினார்கள். கூடவே 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, உடம்பு நெருக்கடியில் சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனின் கழிவு அதில் எவ்வளவு என்று அளந்தார்கள். 1963ல் முடிவுகள் வெளிவந்தன.

எல்லாருக்கும் ஹார்மோன் எகிறியிருக்கும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? அப்படி இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு, அது அவரவருக்குப் பெரும்பாலும் மாறாமல் நின்றது. சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. 1964ல் வந்த அடுத்த கட்டுரை இதை விளக்கப் பார்த்தது. துயரத்திலிருந்து மனதைக் காத்துக்கொள்ளும் வழிகள் ஒருவருக்கு எவ்வளவு பலமாக வேலை செய்கிறதோ, அந்த அளவுக்கு அவரது ஹார்மோன் குறைவாக இருந்தது. நம்பிக்கையாலோ, மறுப்பாலோ, வேலையில் மூழ்கியோ தாக்குப்பிடித்தவர்களின் உடம்பு அமைதியாகவே இருந்தது.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது இதுதான். ஹார்மோன் குறைவாக இருந்த தகப்பனுக்குத் துக்கம் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? அவர் பிள்ளையும் அதே வார்டில்தான் படுத்திருந்தது. ஒற்றை எண்ணை வைத்து ஒரு தகப்பனைப் படிக்க முடியாது என்பதை அந்த ஆய்வே காட்டிவிட்டது.

44 மார்க்

1967ல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே இருவரும் வேறு வழியில் போனார்கள். வாழ்க்கையில் நடக்கிற 43 சம்பவங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் மார்க் கொடுத்தார்கள். 394 பேரிடம் பட்டியலைக் கொடுத்து, 'திருமணத்துக்கு 500 என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றதுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?' என்று கேட்டு, சராசரி எடுத்து, பத்தால் வகுத்த கணக்கு அது. கணவனோ மனைவியோ இறந்தால் 100. விவாகரத்து 73. நெருங்கிய குடும்பத்தினர் இறந்தால் 63. திருமணம் 50. வேலை போனால் 47. குடும்பத்தில் ஒருவரின் உடல்நிலை மாறினால் 44. சின்னச் சட்டமீறலுக்குக்கூட 11 உண்டு.

ஆக, பிள்ளைக்குத் தீராத நோய் என்றால் 44 மார்க். கல்யாணத்தை விட ஆறு குறைவு! நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, அந்த முறையில் இருந்த ஓட்டையே இதுதான். கல்யாணம் ஒரு நாள் நடந்து முடிகிறது. பிள்ளையின் நோய் தினமும் நடக்கிறது. நம் பாஷையில் சொன்னால், மூலதனச் செலவையும் மாதாமாதம் வரும் நடைமுறைச் செலவையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டார்கள்.

கேள்வித்தாள் காலம்

அடுத்து வந்தது கேள்வித்தாள்களின் காலம். பிராஜெக்ட் செய்கிற நண்பர்களுக்கு இந்த இடம் பழகியதாக இருக்கும். 'முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம் போடுகிறோமே, அது 1932ல் ரென்சிஸ் லிக்கெர்ட் கொண்டுவந்தது. எஸ்.பி.எஸ்.எஸ். போட்டவுடன் நாம் முதலில் தேடுகிற கிரான்பாக் ஆல்ஃபா 1951ஐச் சேர்ந்தது. இந்த இரண்டும் கையில் இருந்ததால் எதை வேண்டுமானாலும் அளக்கலாம் என்ற தைரியம் வந்தது.

1974ல் ஜீன் ஹோல்ராய்ட் செய்த கேள்வித்தாளில் 285 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு போட வேண்டும். இரவெல்லாம் பிள்ளையோடு விழித்திருந்த தாய் 285 கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வாள்? 1983ல் வேறு மூவர் அதை 52 வாக்கியமாகச் சுருக்கினார்கள். இடையில் 1980ல் ரூத் ஸ்டெயின், கேத்தரின் ரீஸ்மன் இருவரும் பிள்ளையின் நீண்டகால நோய் குடும்பத்தை எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்கும் 24 வாக்கிய அளவுகோலைக் கொடுத்தார்கள். அதில் பணத்துக்கும் இடம் இருந்தது.

மிகவும் புகழ் பெற்றது ரிச்சர்ட் அபிடினின் பெற்றோர் அழுத்தக் குறியீடு, 1983. இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது, 36 கேள்வி கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. ஆனால் அது எல்லாப் பெற்றோருக்கும் பொதுவானது. பிள்ளை அடம் பிடிக்கிறதா, சமாளிக்க முடிகிறதா என்ற மாதிரி போகும். நோயாளிப் பிள்ளையின் பெற்றோருக்கு வருகிற தலைவலிகள் வேறு. டாக்டர் என்ன சொன்னார் என்று புரியவில்லை, பிள்ளைக்கு ஊசி போடும்போது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, மற்ற பிள்ளையைக் கவனிக்க முடியவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை. இதற்கென்று ராண்டி ஸ்ட்ரைசண்ட் குழுவினர் 2001ல் 42 கேள்வி கொண்ட ஒரு தாளைச் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில்: எத்தனை தடவை நடந்தது, அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது.

இந்த இரண்டு பத்தி முறை எனக்குச் சரியாகப் பட்டது. அடிக்கடி நடப்பதெல்லாம் கஷ்டமானது என்றில்லை. ஒரே ஒரு தடவை நடந்ததே ஆளைச் சாய்த்துவிடலாம்.

பெங்களூரும் சென்னையும்

இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம் பக்கம் என்ன நடந்தது?

1981ல் பெங்களூரிலிருந்து ஷைலா பை, ஆர்.எல். கபூர் இருவரும் ஒரு நேர்காணல் படிவத்தை வெளியிட்டார்கள். பிரிட்டிஷ் மனநல இதழில் வந்தது. மனநோயாளியின் குடும்பம் சுமக்கிற பாரத்தை அளப்பதற்காகச் செய்தது அது, குழந்தைகளுக்கென்று செய்ததில்லை. ஆனாலும் பின்னால் இந்தியா முழுக்கப் பல நோய்களில் அதையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். மொத்தம் 24 அம்சம், 6 தலைப்பு. ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என்று மார்க்.

முதல் தலைப்பே பணம். அடுத்தடுத்து வீட்டு வேலைகள் குலைவது, ஓய்வும் பொழுதுபோக்கும் போவது, வீட்டுக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் உறவு கெடுவது, மற்றவர்களின் உடல்நலம், மற்றவர்களின் மனநலம்.

பணத் தலைப்புக்குள் போய்ப் பார்த்தால் நம் வீட்டுக் கணக்கு மாதிரியே இருக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காக வேறு யாருடைய வருமானம் போனது? மருந்துக்கும் பயணத்துக்கும் வெளியூரில் தங்கியதற்கும் எவ்வளவு ஆனது? கோயிலுக்கும் நாட்டு வைத்தியத்துக்கும் எவ்வளவு போனது? கடன் வாங்கினார்களா, சேமிப்பு கரைந்ததா? கல்யாணம் மாதிரி ஏதாவது காரியம் தள்ளிப்போனதா?

கோயில் செலவு என்று ஒரு கேள்வி! இருக்கன்குடிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் வண்டிச்சத்தமும் உருவம் வாங்கிய காசும் எழுதுவதற்கு ஒரு படிவத்தில் இடம் கிடைத்துவிட்டது. மூடநம்பிக்கை என்று கிண்டல் செய்யவும் இல்லை, பக்தி என்று புகழவும் இல்லை. செலவு என்று எழுதிக்கொண்டார்கள். கணக்கு எழுதுகிறவன் செய்ய வேண்டியது அதுதானே?

சென்னையில் 1984ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பில் ஆர். தாரா, பத்மாவதி, ஷுபா குமார், லதா சீனிவாசன் ஆகியோர் 1998ல் 40 கேள்வி கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். இதுவும் நாள்பட்ட மனநோயாளிகளைப் பராமரிப்பவர்களுக்கானது. அவர்கள் செய்த முறை முக்கியம். வெளிநாட்டுக் கேள்விகளை மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், முதலில் பராமரிப்பவர்களை மனம் விட்டுப் பேசச் சொல்லிக் கேட்டு, அதிலிருந்து கேள்விகளை உருவாக்கினார்கள். 'ஈரக்கொலை நடுங்குது' என்று சொல்கிறவரிடம் 'நீங்கள் மன அழுத்தமாக உணர்கிறீர்களா?' என்று கேட்டால் 'அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா' என்றுதான் பதில் வரும். கட்டத்தில் பூஜ்யம் விழும்.

பிள்ளைகளின் பெற்றோருக்கென்றே செய்தது 1999ல் வந்தது. பெங்களூர் நிம்ஹான்ஸில் சதீஷ் கிரிமாஜி, ஷோபா ஸ்ரீநாத், சேகர் சேஷாத்ரி, சுப்பகிருஷ்ணா ஆகியோர் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்காகச் செய்த நேர்காணல் முறை. அதில் பாரத்தை நான்காகப் பிரித்தார்கள்: தினசரிப் பராமரிப்பு, குடும்பத்தின் மனநிலை, சமூகம், பணம். அதோடு விடவில்லை. குடும்பத்துக்கு விவரம் தெரிகிறதா, துணைக்கு யார் இருக்கிறார்கள், எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதினார்கள். பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும் அல்லவா? பாரத்தை மட்டும் எழுதி, கூட இருக்கும் பாட்டியை எழுதாமல் விட்டால் ஐந்தொகை ஒத்துப்போகாது.

குரோமோசோம் நுனி வரை

2004ல் இந்தக் கதை மறுபடி உடம்புக்குத் திரும்பியது. கலிபோர்னியாவில் எலிசா எப்பல், எலிசபெத் பிளாக்பர்ன் குழுவினர் 58 தாய்மார்களை ஆராய்ந்தார்கள். 39 பேர் நாள்பட்ட நோயுள்ள பிள்ளையை வளர்ப்பவர்கள், 19 பேரின் பிள்ளைகள் நலமாக இருந்தவர்கள். நம் குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்று ஒரு பகுதி உண்டு. செருப்புக்கயிற்று நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குப்பி மாதிரி. வயதாக ஆக அது தேயும்.

இரண்டு குழுக்களின் சராசரியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோயாளிப் பிள்ளையை வளர்ப்பவர்களில், எத்தனை அதிக வருடம் பார்த்துக்கொண்டார்களோ அத்தனை தேய்மானம் இருந்தது. தாங்க முடியாத பாரமாக உணர்ந்த தாய்மார்களின் டெலோமியர், பாரம் குறைவாக உணர்ந்தவர்களோடு ஒப்பிட்டால், குறைந்தது பத்து வருட வயது கூடியது போலத் தேய்ந்திருந்தது. டெலோமியர் ஆராய்ச்சிக்காக பிளாக்பர்னுக்கு 2009ல் நோபல் பரிசு கிடைத்தது.

58 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதோடு எல்லாரும் தாய்மார்கள். இந்த அறுபது வருட ஆய்வுகளில் பெரும்பாலும் தாய்களே பதில் சொல்லியிருக்கிறார்கள், தகப்பன்கள் குறைவு. தகப்பன் வேலைக்குப் போயிருப்பான், கேள்வித்தாள் வந்த நேரத்தில் வார்டில் இருந்திருக்க மாட்டான். 1963ன் ஆய்வில் தகப்பன்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

தேய்மானம் என்றவுடன் நமக்குக் கணக்குப் பாடம் ஞாபகம் வரும். இயந்திரத்துக்குக்கூட வருடாவருடம் தேய்மானம் எழுதுகிறோம். தாய்க்கு எழுதுவதில்லை.

அளந்த பிறகு?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. அளந்துவிட்டு என்ன செய்கிறோம்?

ஆன் கேசக் என்பவரும் அவர் குழுவினரும் 2001ல் ஒரு சிறிய படிவம் கொண்டுவந்தார்கள். பிள்ளைக்குப் புற்றுநோய் என்று தெரிந்தவுடனேயே குடும்பத்திடம் கொடுத்து நிரப்பச் சொல்வது. பதிலை வைத்துக் குடும்பங்களை மூன்று படியாகப் பிரிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பொதுவான உதவி போதும். சிலருக்குக் குறிப்பிட்ட உதவி வேண்டும். ஒரு சிறு பகுதிக்கு உடனே மனநல சிகிச்சை தேவை. இங்கேதான் அளவு ஒரு வேலையைத் தொடங்கி வைக்கிறது. 2015ல் குழந்தைப் புற்றுநோய்க்கான 15 உளவியல், சமூகப் பராமரிப்பு நெறிமுறைகள் வெளியானபோது, பெற்றோரின் மனநலத்தைக் கவனிப்பதும் குடும்பத்தின் பணக் கஷ்டத்தைக் கேட்டறிவதும் தனித்தனி நெறிமுறையாகவே இடம்பெற்றன.

இந்தியாவில் இது வெறும் மனநிம்மதி சம்பந்தப்பட்டது இல்லை, பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்டது. பாரம் தாங்காமல் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பும் குடும்பங்கள் நிறைய. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவில் 2009 வாக்கில் சுமார் ஐந்தில் ஒரு குடும்பம் சிகிச்சையை மறுத்தது அல்லது பாதியில் விட்டது. தங்குமிடம், சாப்பாடு, பண உதவி, ஆலோசனை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. 2006ல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் குழந்தைகள் பராமரிப்பு மையங்கள், சிகிச்சை முடியும்வரை குடும்பம் இலவசமாகத் தங்க இடம் கொடுக்கின்றன. பிறகு அவை சென்னைக்கும் வந்தன. மருந்து அதே மருந்துதான். தாய்தகப்பன் படுக்க இடம் கிடைத்ததும் பிள்ளை சிகிச்சையை முடிக்கிறது.

நம் மாவட்டத்துக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலசீமியா என்ற ரத்தநோய் உள்ள பிள்ளை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 17 தடவை. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்குப் போய்வர ஒரு முழு நாள். பிள்ளையைத் தூக்க ஒருவர், சீட்டு எடுக்கவும் மருந்து வாங்கவும் ஒருவர். 17 தடவைக்கு இரண்டு பேர் என்றால் 34 நாள் கூலி. ஒரு மாதத்துக்கும் மேல்.

பயராபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இதன் கனம் தெரியும். இங்கே பலருக்கு எண்ணிக்கைக் கூலிதான். கட்டை அடுக்குகிறவருக்குக் கட்டைக்கு இவ்வளவு. போகாத நாளில் பைசா கிடையாது. மழைக்காலத்தில் வேலையும் இருக்காது. சீசனில் போகாமல் விட்டால் அட்வான்ஸ் கழியாது.

ரத்தம் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கலாம். 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு நிலத்தை விற்க வேண்டிய நிலை எத்தனையோ குடும்பங்களுக்குத் தவிர்க்கப்பட்டிருக்கிறது. 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் அந்த 34 நாள் கூலி எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. நாம் வாய்ப்புச் செலவு என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படிக்கிறோமே, அது இதுதான். அந்த 34 நாளைக்காக வாங்கிய வட்டிக்கடன், அதனால் புருஷன் பெண்டாட்டிக்குள் வருகிற சண்டை, பாட்டி வீட்டில் விடப்பட்ட மூத்த பிள்ளை, இவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்தத் தாய் சொல்கிற 'பாரம்'.

எங்கள் தெருவிலும் அப்படி ஒரு குடும்பம் உண்டு. பிள்ளைக்குச் சிறுநீரகக் கோளாறு. ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் எல்லாரும் கேட்பது 'புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?' என்றுதான். 'அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா?' என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்த ஆல்ஃபாவும் தேவைப்படாத இரண்டு கேள்விகள் அவை.

அறுபது வருட வரலாற்றைப் படித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அளவுகோல்கள் பெரிதாகிச் சிறிதாகி, ஹார்மோனில் ஆரம்பித்து குரோமோசோம் வரை போய், கடைசியில் காசு எவ்வளவு, துணைக்கு யார், இன்னொரு பிள்ளை எங்கே என்ற சாதாரணக் கேள்விகளுக்கே வந்து நிற்கின்றன. இந்தக் கேள்விகளைக் கேட்க பெரிய படிப்பு வேண்டாம். பிள்ளையின் சீட்டில் ஹீமோகுளோபினுக்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டு, நர்ஸோ சமூகப் பணியாளரோ கேட்டு எழுதினால் போதும். எழுதிய பிறகு, மோசமான பதில் வந்த வீட்டுக்கு யார் போவது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் இன்னொரு படிவமாகத்தான் போகும்.

நண்பர்களுக்கு ஒரு யோசனை. வருடாவருடம் நம் துறையில் 'இருசக்கர வாகன வாடிக்கையாளர்களின் திருப்தி' என்று நாற்பது பிராஜெக்ட் வருகிறது. ஷோரூம்காரரே சலித்துப்போயிருப்பார் :-) யாராவது ஒருவர் 'நீண்டகால நோயுள்ள குழந்தையின் குடும்பத்துக்கு ஒரு வருடத்தில் போகும் கூலி நாட்கள்' என்று எடுத்துச் செய்து பாருங்களேன். விருதுநகர் மாவட்டத்தில் இருபது வீடு போதும். போகும்போது கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு முதலில் அரை மணி நேரம் பேச்சைக் கேளுங்கள். தகப்பன் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, மனசு தாங்காமல் இருந்தால், 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் பேசலாம். 2022 முதல் இயங்குகிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.